ஒன்பது அறை

மைனஸ் இருபத்தெட்டு.
மைனாட் கண்காட்சிக் கூடத்து வாசலில்
லாரிகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன.
உள்ளே நூற்றுப் பத்து மேஜைகள்,
பச்சை விரிப்பு, கருகின காப்பி, எண்ணெய் வாசனை.

பெரியவற்றை நான் ஏறிட்டும் பார்ப்பதில்லை.
மணிக்கட்டை உதைக்கிற ஜாதி எனக்கு ஆகாது.
இருபத்திரண்டு மட்டும்.
நடு முதுகில் அல்ல,
விளிம்பில் அடி வாங்கி வெடிக்கிற பொடித் தோட்டா.
வெடித்த கூட்டை மறுபடி யாரும் நிரப்புவதில்லை.
பனி உருகும் மாதத்தில்
என் கோட்டுப் பையில் அவை சில்லறைபோல் கிலுங்கும்.

"எலி பிடிக்கவா, ஆரின்?" என்பான் லைல் ஷ்மால்ட்ஸ்,
பீரங்கிக்குத் தம்பிகளை அடுக்கியிருக்கும் மேஜைக்குப் பின்னாலிருந்து.
ஜனவரிக்கு ஜனவரி அதே கேள்வி.
நானும் அதே சிரிப்பைத்தான் கொண்டுவருகிறேன்.

முந்நூறு டாலரைத் தாண்டக் கூடாது.
காலெட் ஒழித்துக் கொடுத்த ஒற்றை இழுப்பறைக்குள் அடங்க வேண்டும்.
இன்னொரு விதியும் உண்டு,
ஆளைப் பொறுத்து மாற்றிக்கொள்வேன்.

குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன்.
உருளையை மெல்ல அசைப்பேன்,
ஆடும் பல்லைப்போல் ஆடினால் வைத்துவிட்டு நகர்வேன்.
அப்புறம் அறைகளின் ஓரம்.
காலி அறையில் விசையை இழுத்து விளையாடியிருந்தால்
வாங்க ஆளில்லாத அடியை
ஊசி இரும்பிலேயே இறக்கியிருக்கும்.
நகத்தால் தடவினால் பள்ளம் தட்டும்.

நாற்பத்தாறாம் மேஜையில் ஓர் ஒன்பது குண்டு ரிவால்வர்.
பிடி, புகைபிடிப்பவன் பல்லின் மஞ்சள்.
இடப்பக்கம், திருகாணிக்குக் கீழே,
பிறை வடிவில் ஒரு கீறல்.

அந்தக் கீறலை எனக்குத் தெரியும்.
கீறியது நான்.

எண்பத்தேழு பிப்ரவரி.
தபால் வேலை கிடைக்காத காலம்,
புரொப்பேன் தீர்ந்துபோன வாரம்.
எழுபது டாலர்.
வாங்கியவன் முகம் போய்விட்டது,
கையுறையின் டீசல் வாடை மட்டும் நிற்கிறது.

"ரயில்வே காவலர் ஒருவருடையது," என்றாள் ரோண்டா வெய்க்கம்.
"ஹாவர் யார்டில், முப்பத்தொன்றில்,
ஒன்பது பெட்டி தாண்டித் திருடனைத் துரத்தியிருக்கிறார்.
இதோ, அவன் கத்தி பட்ட இடம்."
அவள் பின்னால் சோளச் சீவல் தின்றுகொண்டிருந்த பையன்
சத்தமில்லாமல் கூடவே வாயசைத்தான்.

இந்த மாடல் வந்ததே போருக்குப் பிறகு.
ஸ்க்ரூடிரைவர் என்ற சொல்
நாக்கு நுனிவரை வந்து நின்றது.
"சான்று ஏதாவது?" என்றேன்.
"மாமனார் சொன்னது. அவர் பொய் சொல்வார்,
ஆனால் ரயிலைப் பற்றிச் சொல்ல மாட்டார்."

நகத்தை விட்டுப் பார்த்தேன். பள்ளம்.
அடுத்ததிலும். ஒன்பதிலும்.
தோட்டாவுக்குக் காசில்லாத இரவுகளில்
டிவியில் வானிலை சொல்பவனைக் குறிபார்த்து
சொடுக்கிக்கொண்டே இருந்த மடையனை
இன்று பார்த்தால் கையிலிருந்து பிடுங்கியிருப்பேன்.

நானூற்று இருபது என்றாள்.
முந்நூற்று எண்பதில் நின்றது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
அறை ஓரங்களைச் சீராக்க இன்னும் தொண்ணூறு ஆகும்.
படிவத்தை நிரப்பினேன்.
முன்பு இது உன்னிடம் இருந்ததா என்று
அதில் யாரும் கேட்கவில்லை.
கயிற்றில் ஓர் அட்டை கட்டிக் கொடுத்தாள்:
ஹாவர், 1931, கத்தி.

வீட்டில் இழுப்பறை மூடவில்லை.
காலெட் வந்து நின்றாள்.
"ரயில்வே காவலர் வைத்திருந்தது," என்றேன்,
முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.
அட்டையைப் படித்தாள்.
கீறலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

"கத்தி இப்படிச் சறுக்காதே," என்றாள்,
என் வலது கையைப் பார்த்தபடி.