ஷமால் நாள்

மங்காஃப். மூன்றாம் மாடி.
பால்கனிதான் பட்டறை.
குப்பைத்தொட்டி ஓரம் கிடைத்த தேக்குக் கதவு
நாற்காலியாகிக்கொண்டிருக்கிறது.

தூளில் பாதி வாக்குவம் பையில்,
கொஞ்சம் ஏசி வலையில்,
என் புருவத்தில் கொஞ்சம்.
ஈரச்சாக்கு கட்டியும்
மிச்சம் இறங்கிவிடுகிறது
கீழ்வீட்டு மிஸ்ரிக்காரியின் வெள்ளைத் துணிக்கு.
இரண்டு புகார் ஆயிற்று.
மூன்றாவதுக்கு வீடு காலி.

அதனால் உப்புத்தாள் வேலையெல்லாம்
ஷமால் அடிக்கும் நாளில்.
காற்றே உப்புத்தாளாகி
ஊரைத் தேய்க்கும்போது
எது யார் தூள் என்று எவர் கேட்பார்?

இன்று காலை
கார் துடைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் துலால்
விரலை மூக்கருகே கொண்டுபோனார்.
அண்ணாந்து
ஒவ்வொரு பால்கனியாகப் பார்த்தார்.
நான் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் காலிங்பெல்.
அவர்தான்.
கையில்
கால் ஆடும் ஸ்டூல்.