விரகனூரில் ஒரு லிட்டர்

அணையில் மதகு தூக்கி இரண்டு நாளாயிற்று.
நேற்றிரவு சோழவந்தான் தாண்டியதாக
அலுவலகக் குழுவில் தகவல்.
காலை ஏழரைக்கு
விரகனூர் மதகணைக்கு மேற்கே, காய்ந்த ஆற்றுக்குள்,
பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு
நிற்கிறேன் பன்னிரண்டு பாட்டில்களோடு.
வேலை எளிது.
வரும் தண்ணீரில் ஒரு லிட்டர்.
பிறகு கால்மணிக்கு ஒரு லிட்டர்.

ஹூக்ளிக் கரையிலிருந்து
மெஹருன்னிசா குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள்.
காஜிமார் தெருக்காரி.
வங்காளம் போய் நாலு வருஷமாய்ச்
சேறு நிறுக்கிறாள்.
பதிவில் முதலில் காற்று.
பிறகு யார் யாரோ கத்துகிறார்கள்: பான், பான்.
"வெத்தல இல்லடி," என்கிறாள்,
"கடல் வருது. ஆத்துக்குள்ள."

அமாவாசை கழிந்த மறுநாள்
ஓதம் ஒரு சுவராய் எழுந்து
ஆறு போகும் திசைக்கு எதிரே ஓடுமாம்.
படகுகளை அவிழ்த்து நட்டாற்றுக்குத் தள்ளுவார்களாம்.
கரையில் கட்டிக் கிடப்பவைதான் உடையும்.

"சுவர் வர்றப்ப கலங்குனதாவே தெரியாது.
அது தாண்டிப் போன பெறகுதான்
அடியில கெடந்ததெல்லாம் எந்திரிக்கும்,
பருப்பு பொங்குற மாதிரி.
எந்திரிச்சது திரும்பக் கடலுக்குப் போயிரும்னு நெனச்சிராத.
ஏத்தம் வேகம். எறக்கம் மெதுவு.
வேகமா வந்தது தூக்கிட்டு வந்ததை
மெதுவாப் போறது தூக்க முடியாது.
அப்படியே மேல மேல
ஊருக்குள்ள ஏறி உக்காந்துக்கிரும்."

மூன்று முறை கேட்டேன்.
சேற்றைப் பற்றித்தான் பேசுகிறாளா என்று
நான்காவது முறையும் கேட்டேன்.
அவளை ரயிலேற்றிவிட்ட அன்று
எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.
மேலமாசி வீதியில் நின்று ஜிகர்தண்டா குடித்துவிட்டு
வீட்டுக்கு வந்தேன்.

எட்டு நாற்பது.
முதலில் சத்தம்,
சருகை யாரோ வாரியலால் கூட்டுவதுபோல.
நாய்கள் எழுந்து மேட்டுக்குப் போயின.
வளைவில் ஒரு பழுப்புக் கோடு.
இது சுவரில்லை.
கணுக்கால் உயரம், நுரை,
நுரைக்குள் தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு,
எந்த வீட்டுச் சாவிலிருந்தோ வந்த செவ்வந்தி மாலை.
லாரிகள் தோண்டிய குழி வந்த இடமெல்லாம்
வைகை நின்றது.
குழி குடித்து முடிக்கும்வரை
ரேஷன் வரிசையில் நிற்பவள்போல் நின்று
பிறகு நகர்ந்தது.

குனிந்து முதல் பாட்டிலை முக்கினேன்.
மேலிருந்து லஸ்கர் ஒச்சப்பன் கேட்டார்:
"கடல் வரைக்கும் போயிருமா மேடம்?"
"ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் போகும்."
"பெறகு?"
"பெறகு உக்காந்துரும்."
"தண்ணியா?"
"வண்டல்."
அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு
அது சரிதான் என்பதுபோல் கிழக்கே பார்த்தார்.

மாலையில் வடிதாள்.
நூற்றைந்து டிகிரியில் காயவைத்து
முதல் லிட்டரை நிறுத்தேன்:
மூன்று கிராம் எண்பத்திரண்டு.
லென்ஸ் வைத்துப் பார்த்தால்
சாம்பல், முடி, சுங்குடிச் சாயம் ஏறிய நூல்,
பேருக்கு நாலு மணல்.
மணலை எழுப்பத் தண்ணீருக்குத் தெரியும்.
எழுவதற்கு அது கிடக்க வேண்டுமே அடியில்.

எண்ணை அவளுக்கு அனுப்பினேன்.
கூடவே சருகு கூட்டும் சத்தத்தையும்,
பதினேழு வினாடி.
ஒற்றை டிக்.
அங்கே ஓத நேரமாயிருக்கும்,
நட்டாற்றில் இருப்பாள்.

எட்டாவது தாளை
இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தேன்.
தராசின் கடைசி இலக்கம்
ஆடிக்கொண்டே இருந்தது.
மின்விசிறியை அணைத்தேன்.
சன்னலைச் சாத்தினேன்.
அப்புறம்தான் தெரிந்தது, என் மூச்சு.