நிகழ்ச்சி நிரலில் ஏழாவது

பெர்ன், நவம்பர், மூன்றாம் மாடி.
ஏழாவது: முதல் பிரிவில் ஆட
நமக்கொரு ஐஸ் ஹாக்கி அணி
வேண்டுமா, வேண்டாமா.
குறிப்பெடுக்க நான்.

ஆண்டுக்கு ஒன்பது லட்சம் ஃபிராங்க்
என்றார் பொருளாளர் ஹூபர்.
நூலகக் கூரை ஒழுகுகிறதே என்றது ஒரு குரல்.
கூரைக்குக் கைதட்ட எவர் வருவார்
என்றார் சட்டத் துறைக்காரர்.
சிரிப்பு என்று எழுதி,
பின் அடித்தேன்.

கடைசி நாற்காலியில் செலின் ஏபிஷர்,
கோல்காப்பாளர், மருந்தியல் மூன்றாம் ஆண்டு.
தலைமுடி இன்னும் ஈரம்.
நகரத்துப் பனித்தளம் அவர்களுக்குக் கிடைப்பது
இரவு பத்தே முக்காலுக்கு,
கர்லிங் சங்கத்தார் கிளம்பிய பிறகு.
கேட்டால் சொல்லலாமென்று வந்திருந்தாள்.
ஒருவரும் கேட்கவில்லை.
முழங்கையில் கன்றிய நீலத்தைக்
கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப்
பார்த்துக்கொண்டிருந்தாள்,
வலி அங்கேதான் இருக்கிறதா என்று.

எனக்கு வாக்கில்லை.
இருந்திருந்தால்?
மழை நாளில் நூலகத்தில்
வாளி வைப்பவளும் நான்தான்.
இருந்தும்
அந்த நீலத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

தீர்மானம்: மார்ச் கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
மார்ச் கடைசியில் தளத்தை உருக்கிவிடுவார்கள்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
அதற்குள் தலைவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.
எட்டாவது,
சைக்கிள் நிறுத்துமிடம்.