நாற்பத்தொன்றாம் எண் குழாய்

கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான்தான்.
எண் நாற்பத்தொன்று. நீளம் முப்பது மீட்டர்.
குறை: மூன்று இடத்தில் கசிவு.
பதினோரு ஆண்டு உழைத்ததை எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று கசிவும் எனக்குத் தெரியும்.
ஒன்று, ஜெலுத்தோங் மரக்கிடங்கில் ஆணி ஏறியது.
இன்னொன்று சூலியா தெரு, இரவு இரண்டு மணி,
மேல்மாடிக்குப் போகவேண்டிய தண்ணீர்
பாதிதான் போனது.
அதைப் பற்றி இப்போது வேண்டாம்.
மூன்றாவது வெறும் வயசு.

"தூக்கிப் போடுவதை எனக்குத் தாருங்கள்"
என்று நிலையத்துக்கே வந்து கேட்டாள் சியூ லிங்.
லோத்தோங் குரங்குகளுக்குப் பாலம் கட்டவாம்.
அஸ்ஹார் சிரித்தான். நானும்.
அவள் ஒரு நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள்.
தேசியப் பூங்காவுக்குப் போகும் சாலையில்
அடிபட்டவை.
தேதி, மணி, ஆணா பெண்ணா,
வண்டி நின்றதா, இல்லையா.
'இல்லை'க்குக் கீழே கோடு கோடாக.
சிரித்த வாயை
எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

நாற்பத்தொன்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்து
மூன்று புரியாய்ப் பின்னினேன்,
மகளுக்குப் பள்ளிக்கூடச் சடை போட்ட கை.
தெலுக் பாஹாங் வளைவில்
இந்தப் பக்கம் வாதுமை, அந்தப் பக்கம் அங்சானா.
ஆளை இறக்கத்தான் எங்கள் ஏணியில் ஏறிப் பழக்கம்.
ஒரு பாதையை ஏற்றிவைக்க ஏறியது
அந்த ஞாயிறுதான்.

முதல் மாதம் யாரும் வரவில்லை.
இரண்டாம் மாதம் ஓர் அணில்,
நடுவழி வரை வந்து
அடையாள அட்டையை மறந்தவன்போல் திரும்பிப் போனது.
லோத்தோங்குகள் வாதுமையில் உட்கார்ந்து பார்த்தன.
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்,
கணக்குத் தணிக்கைக்கு வந்தவர்கள் மாதிரி.
பார்த்து முடித்ததும் இறங்கி
தாரில் ஓடின, பழையபடி.

டுரியான் தோட்டக்காரர் ஆ செங்
வேலிக்குள் நின்று சத்தம் போட்டார்:
"என் குருத்தைத் தின்னுறதுக்கு ரோடு வேற போட்டுக் குடுக்கிறியா?"
அவை இலை தின்னும் ஜாதி, எல்லை தெரியாது என்றேன்.
"எனக்குத் தெரியுமே. அதுதானே என் பாடு" என்றார்.
பதில் இல்லை என்னிடம்.
ஒரு பழம் உடைத்துக் கொடுத்தார், திட்டிக்கொண்டே.

நவம்பர். விடிய விடிய மழை.
இரவுப் பணி முடிந்து
சீருடையோடு வீடு திரும்புகிறேன்.
வளைவில் தலைக்கவசக் கண்ணாடியில்
ஒரு சொட்டு. இன்னொன்று.
மழை எப்போதோ விட்டிருந்தது.

நிமிர்ந்தேன்.
குழாயின்மேல் ஒரு தாய்.
அவள் எடைக்கு,
உள்ளே தேங்கிய மழை
கசிவுகள் வழியே இறங்குகிறது.
எந்தச் சொட்டு எந்த ஓட்டையிலிருந்து என்று
என்னால் சொல்ல முடியும்.

வயிற்றில் ஒட்டிக்கொண்டு
தணல் நிறத்தில் ஒரு குட்டி.
என் தொழிலில் அந்த நிறத்தைக் கண்டால்
கை தானாகக் குழாயைத் தேடும்.
குழாய் அவள் காலடியில் இருந்தது.

பாதிவழியில் நின்றாள்.
நான் மோட்டார்சைக்கிளை அணைத்தேன்.
மூச்சையும்.

பிறகு
வாலை ஒருமுறை சரிசெய்துகொண்டு
மிச்சத்தையும் நடந்தாள்.
அங்சானா இலைகள் வாங்கி மூடிக்கொண்டன.

அவளுக்குப் பின்னால் எட்டு. எண்ணினேன்.
ஒன்பதாவது, கிழட்டு ஆண்,
பாலத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு
சரசரவென்று தூண்போல் இறங்கி
சாலையின் நடுவே வந்து உட்கார்ந்தது.

வளைவுக்கு அப்பால் லாரிச் சத்தம்.
ஓடிப்போய் நடுச்சாலையில் நின்று
இரண்டு கையையும் தூக்கினேன்.
பிரேக் கிறீச்சிட்டது. ஓட்டுநர் தலையை நீட்டி
சீருடையைப் பார்த்துப் பதறினார்:
"எங்கேண்ணே தீ?"

"தீ இல்லை" என்றேன்.
"கொஞ்சம் பொறுங்க.
பெரியவர் இன்னும் முடிவு பண்ணலை."