கருத்து: இரண்டு வரிகளுக்குள்

ஆண்டுக் கடைசியில் துப்பாக்கிகள் வரிசை பிடிக்கும்
பாகாவ் பாலாயின் முகப்பில்.
கோணிச் சாக்கில் சுற்றியவை, தூண்டில் பையில் வந்தவை,
ஒன்று மகளின் பழைய பாவாடைத் துணியில்.
குழலுக்குள் டார்ச் அடிப்பேன்.
எண்ணைப் படிப்பேன்.
போன வருஷம் எத்தனை பன்றி என்று கேட்பேன்.
எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள்.

தவுக்கே லிம்முக்குப் பதினெட்டு ஏக்கர் செம்பனை.
கன்றின் குருத்தைப் பன்றி தின்றால்
மூணு வருஷம் போச்சு என்பார். உண்மைதான்.
பரிந்துரை எழுதியவன் நான்.
தைப்பூசத்துக்கு மறுவாரம், விடியாத பனியில்
அவர் சுட்டது
உதிர்பழம் பொறுக்கக் குனிந்திருந்த ரஹ்மத்தை.
லொம்போக்கிலிருந்து வந்து நாலு மாதம்.
தொடையில் பதினோரு ரவை.
பிழைத்தான்; நொண்டிக்கொண்டே கப்பலேறினான்.
தவுக்கே இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்து
"பன்றி மாதிரியே அசைஞ்சது, சார்ஜன்" என்று
அந்த ஒரு வாக்கியத்தையே மத்தியானம்வரை சொன்னார்.
பழைய பாரத்தை எடுத்துப் பார்த்தேன்.
என் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

இன்றைக்கு நகைக்கடை ஏகாம்பரம்.
கேட்பது கைத்துப்பாக்கி.
நாலு ஹெல்மெட், மூணு பாராங் கத்தி, தொண்ணூறு விநாடி.
கண்ணாடிப் பெட்டி நொறுங்கிய கணக்கு அவ்வளவுதான்.
நாங்கள் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிஷம்.
ரோந்து வண்டி ஒன்று, தோட்டம் ஏழு,
மழை பெய்தால் பாதிப் பாதை செம்மண் குழம்பு.
'எங்களைக் கூப்பிடுங்கள்' என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

"கொடுத்துடுங்க சார்ஜன்" என்கிறான் கோப்ரல் ஹஸ்புல்லா.
"திருடன் பாரம் எழுதுறானா, வரிசையில் நிக்கிறானா?"
பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த அண்ணனை
குத்திப் போட்டார்கள்.
அவனிடம் வாதாட யாருக்கும் நாக்கு எழாது.

எழுந்தது இதயமலருக்கு.
சேவைக்கு வந்து ஒன்பதே மாதம், தொப்பி இன்னும் பெரிசு.
"கடைவாசலில் நான் போய் இறங்குறேன்.
உள்ளேயிருந்து ஒருத்தர் துப்பாக்கியோட ஓடி வர்றார்.
முதலாளியா, திருடனா?
அவர் நெத்தியிலே விபூதியைத் தேடவா, சார்ஜன்?"
ஹஸ்புல்லா சிரித்துவிட்டான்.
பிறகு மூன்று பேரும் கொஞ்ச நேரம்
மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இருபத்தாறு வருஷமாய் இடுப்பில் சுமக்கிறேன்.
உருவியது இரண்டு தடவை.
ஒன்று மலைப்பாம்புக்கு.
மற்றதை வீட்டில் பேசுவதில்லை.
சுடப் பழகலாம், ஒரு வாரம் போதும்.
சுடாமல் நிற்கப் பழகியது எப்போது என்று
யாராவது கேட்டால் எனக்குத் தேதி தெரியாது.
பழகிவிட்டேனா என்பதும்.

ஏகாம்பரம் கையெழுத்துப் போடுகிறார்.
அரிசி முனையளவு பொன்னை
இடுக்கியில் எடுத்து வைக்கிற விரல்.
பேனா தாளில் தடதடவென்று தட்டுகிறது.
பாரத்தில் உயரத்துக்குக் கட்டம் உண்டு, எடைக்கு உண்டு,
வருமானத்துக்கு, கடன் பாக்கிக்கு.
நடுக்கத்துக்கு இல்லை.

"கிடைக்குமா சார்ஜன்?"
"முடிவு சிரம்பானில்."
"நீங்க என்ன நினைக்கிறீங்க?"
மேசை மேலிருந்த ரப்பர் முத்திரையைத்
தேவையில்லாமல் நேராக்கி வைத்தேன்.

அவர் போன பிறகு
கருத்து என்ற இடத்தில், இரண்டு வரிகளுக்குள், எழுதினேன்:
இந்த பாலாய்க்கு இன்னொரு வண்டி வேண்டும்.
ஓட்ட இரண்டு ஆள் வேண்டும்.

மேலிடத்தில் சிவப்பு மையால் அடித்து
கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்பார்கள்.
எழுதுவேன்.

மணி ஏழு. ஆயுத அறைச் சன்னலில்
என்னுடையதைக் கழற்றி நீட்டுகிறேன்.
காலையில் வாங்கியது பத்து.
இதயமலர் ஒவ்வொன்றாய் நிறுத்தி எண்ணுகிறாள்.
எட்டு. ஒன்பது.
அவள் அடுத்த எண்ணைச் சொல்லும்வரை
இத்தனை வருஷத்துக்குப் பிறகும்
மூச்சு விடுவதில்லை நான்.