பதினோரு நொடி

தலைநகரில் ஒரு வாக்கியத்தைத் திருத்தினார்கள்.
'ஆடுவோர் அதே அறையில் இருத்தல் வேண்டும்'
என்பதை அடித்துவிட்டு
'குரல் எட்டினால் போதும்' என்று எழுதினார்கள்.
அந்தத் தாள் எங்களிடம் வந்து சேர்ந்த அன்று
பனி ஜன்னலின் பாதியை விழுங்கியிருந்தது.

மேய்ன் மாநிலத்தின் வட முனை.
எங்களுக்கு மேலே ஆறு, ஆற்றுக்கு மேலே கனடா.
தீயணைக்கும் வண்டிக்கு என் மகனைவிட இரண்டு வயது அதிகம்.
வியாழன்தோறும் பிங்கோ ஆடித்தான்
அதற்கு டீசல் ஊற்றுகிறோம்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
விண்ணப்பம் நிரப்பியதும் நானே.
'விளையாட்டு நடைபெறும் இடம்'
என்ற கட்டத்துக்கு முன் பேனாவைக் கடித்தபடி இருந்தேன்.
நூற்றுப் பதினான்கு சமையலறைகள்,
ஒரு மருத்துவமனைக் கட்டில்,
உருளைக்கிழங்கு லாரியின் முன்னிருக்கை ஒன்று.
கட்டமோ தபால்தலை அளவு.
'ஊர்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.
யாரும் திருப்பி அனுப்பவில்லை.

சீட்டுகளை உறையில் போட்டு
பனிவண்டியில் வீடுவீடாகச் செருகிவிட்டு வந்தோம்.
வெற்றுக் கூடத்தில் லியோனா வெலெட்
கெட்சப் புட்டியில் சாய்த்த போனைப் பார்த்து
உதட்டுச் சாயம் சரிசெய்துகொண்டாள்.
கூண்டைச் சுழற்றினாள்.
"பி ஏழு" என்றாள்.
கிணற்றில் போட்ட கல்.
முப்பது ஆண்டுகளாக அந்த எண்ணுக்குச்
சீட்டியடித்துக் கலாட்டா செய்யும் மேசை
மடித்துச் சுவரோரம் நின்றது.

மூன்றாவது வாரம்தான் தகராறு.
"ஓ அறுபத்தொன்பது" என்றாள் லியோனா.
அமைதி.
அடுத்த பந்தை எடுத்து, "ஜி ஐம்பது" என்றாள்.
"பிங்கோ!" என்று க்ளோடெட் டெஷேன் கத்தினாள்.
அவள் கத்தி முடிப்பதற்குள்
அறுபத்தொன்பதுக்கான "பிங்கோ" வந்து சேர்ந்தது,
தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோல.
நோர்பெர் பெல்ட்டியே.
காட்டுப்பாதையின் கடைசி வீடு,
மூக்கில் ஆக்சிஜன் குழாய்,
கூரையில் ஆன்டெனாவைத் தாங்கும் ஹாக்கி மட்டை.

யாருடைய பணம்?
எண்பத்தாறு டாலர்.
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்:
அடுத்த பந்துக்கு முன் கேட்ட குரலே குரல்.
கேட்டது எப்போது? கத்தியது எப்போது?
வாக்கியத்தைத் திருத்தியவர்களுக்கு
குரல் வழியில் எங்காவது களைத்து உட்காரும் என்று
தோன்றவில்லை.

திரையில் சதுரம் சதுரமாகச் சண்டை.
யாரோ பூனையைத் தூக்கிப்போட்டார்கள்.
யாரோ பிரெஞ்சில் திட்டிவிட்டு
ஒலியை மூட மறந்ததை உணர்ந்து மறைந்தார்கள்.
விதி விதிதான் என்றாள் க்ளோடெட்.
பணத்தை அவள்தான் வாங்கிக்கொண்டாள்.
இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை,
நானும் அவளைக் குறை சொல்ல மாட்டேன்,
அவள் வீட்டு பாய்லர் நிலைமை எனக்குத் தெரியும்.

எல்லோரும் ஓய்ந்தபின்
தலைவர் ரோசேர் மிஷோ தொண்டையைச் செருமினார்:
"நோர்பெர் வீடு பற்றிக்கொண்டால்
நம் வண்டி போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம்.
அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை."
அவ்வளவுதான். போனை அணைத்துவிட்டார்.

அடுத்த வியாழன் லியோனா எதையும் அறிவிக்கவில்லை.
பந்தை எடுத்தாள், எண்ணைச் சொன்னாள்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.
துடைத்தாள். மாட்டினாள்.
நான் கடிகாரம் பார்த்தேன்: பதினோரு நொடி.
பிறகுதான் அடுத்த பந்து.

ஆட்டம் முடிய இப்போது பத்தரை ஆகிறது.
முணுமுணுக்கிறார்கள்; ஆனால் போவதில்லை.
அந்த இடைவெளியில்
ஒரு வீட்டில் குக்கர் மணி அடிக்கும்,
ஒரு வீட்டில் குழந்தை தும்மும்,
எழுபத்தைந்து பந்துகளும் கூண்டுக்குள்
மெல்லச் சரிந்து உட்காரும் சத்தம்கூடக் கேட்கும்.

நோர்பெர் அதற்குப்பின் ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை.
பன்றித்தொடைக் குலுக்கலிலும் இல்லை.

இரவு வணக்கம் சொல்லி
சதுரங்கள் ஒவ்வொன்றாக அணையும்.
கோட்டு மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் வைத்து,
லியோனா விளக்கடியில் நிற்பாள்.
கூடம் குளிரும்.
பிறகு, ஒருவழியாக,
யாருமில்லாத நாற்காலிகளுக்கு வந்து சேரும்
அவருடைய "போன்ஸ்வார்".