திக்கல்

புதுக்கடை. காணி வழக்கு. மின்விசிறி
சூடான காற்றையே திரும்பத் திரும்ப அரைக்கிறது.
கூண்டில் மரியநாயகம், அதுவரை திக்காதவன்:
“தம்பி எனக்குப் பி... பிள்ளை மாதிரி.
அவன்தான் வீட்டை எழுதித் தந்தவன்.”

அதைச் சிங்களமாக்கி நீதிபதியிடம் நீட்டினேன்
திக்கலை மட்டும் எடுத்துவிட்டு,
பிளேன்டீயில் விழுந்த எறும்பை எடுப்பதுபோல.

பொய் வாயைவிட்டு வெளியே போய்விடும் என்றுதான்
இருபது வருடமாக நினைத்திருந்தேன்.
எபிரேய ஞானிகள் வேறுமாதிரிக் கண்டிருக்கிறார்கள்:
உதட்டில் பூசுவது கொஞ்சம்தான்,
மிச்சத்தை அவன் உள்ளே சேர்த்து வைக்கிறான்.
சேர்த்து வைக்கிறான்.
எவ்வளவு விற்றாலும் குறையாத சரக்கு.

அப்படியென்றால் அந்தத் திக்கல்?
நிரம்பிய மூட்டை
ஓரிடத்தில் தையல் விட்ட சத்தம்.
முழு மனிதனும் அங்கேதான் நின்றான்,
ஒரு ‘பி’யில்.
அதைத்தான் நான் தைத்துக் கொடுத்தேன்.

பின் வாங்கில் தம்பி. இரண்டு மொழியும் தெரிந்தவன்.
அண்ணனைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்.

நூற்றியோராம் பஸ் கொள்ளுப்பிட்டி தாண்டுகையில்
போனில் மனைவி: “குரல் ஒருமாதிரி இருக்கே, என்ன?”
“ஒன்றுமில்லை” என்றேன்.
திக்காமல்.